புயல் போன பிறகு வீட்டைக் காப்பாற்றுவது: பாம்பன் தீவிலிருந்து சில அனுபவங்கள்

எங்கள் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டாலே எல்லாருக்கும் காது வானிலைச் செய்தியில்தான் இருக்கும். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், வாடை எப்படி வீசுகிறது, வத்தை என்கிற சின்னப் படகை எங்கே இழுத்துக் கட்டுவது என்று இதே பேச்சு. புயல் வருமுன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல டிவி இருக்கிறது, மைக் கட்டிய ஆட்டோவும் தெருத் தெருவாக வருகிறது. காற்று ஓய்ந்து, கணுக்கால் சேற்றோடு வீட்டுக்குள் நிற்கும்போதுதான் எதை முதலில் தொடுவது என்று சொல்லித்தர ஆள் இருக்காது. இந்தக் கரையில் வீடுகள் காற்றில் கெட்டதைவிட, காற்று நின்ற பிறகு வரும் இரண்டு மூன்று வாரத்தில் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சுவர் உப்பி உதிர்வது, சுவிட்சு போட்டால் ஷாக் அடிப்பது, கிணறு கெடுவது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது எல்லாம் அப்போதுதான்.

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், வடகடலுக்குக் கூப்பிடு தூரத்தில். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையேறாமல் மன்னார் வளைகுடாவிலேயே, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றுகொண்டது. காற்று பெரிதாக இல்லை, மழைதான் விடவே இல்லை. 2024 நவம்பர் 20-ல் புயல் என்ற பெயரே இல்லாமல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டம் முழுக்க ஒரு வருடத்தில் பெய்யும் சராசரி மழையே 82 சென்டிமீட்டர் அளவுதான் என்றால், அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் அப்பத்தா 1964 டிசம்பர் 22 புயல் இரவைப் பார்த்தவர். தனுஷ்கோடி போனதையும் ரயில் போனதையும் எல்லாரும் கேட்பார்கள், அவரும் சொல்வார். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது அடுத்த நாளைப் பற்றி: "சுத்திலும் தண்ணி நிக்குது தாயி, நாக்கை நனைக்க ஒரு வாய் இல்ல."

சரி, வேலைக்கு வருவோம்.

தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் செய்வது வீட்டுக்குள் ஓடுவது. ஓடக்கூடாது. முதலில் வெளியில் நின்று தலைக்கு மேலே பார்க்க வேண்டும். கம்பி தொங்குகிறதா, வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் எங்காவது தகரத்தில் உரசுகிறதா, முருங்கைக் கிளை ஒடிந்து வயர் மேல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுந்த கம்பி கிடந்தால், கரண்டு இல்லை என்று ஊரே சொன்னாலும் கிட்டே போக வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, யாரும் மிதிக்காமல் ஓர் ஆளை அங்கே நிறுத்தி வைக்க வேண்டும். ஊரில் கரண்டு இல்லாத நேரத்திலும் யாராவது ஜெனரேட்டர் போட்டு, மெயினை அணைக்காமல் வீட்டு லைனில் கொடுத்துவிட்டால், அது பின்பக்கமாக ஏறித் தெருக் கம்பிக்கு வந்துவிடும். லைன்மேன்களுக்கு அதுதான் எமன்.

ஜெனரேட்டர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மழைக்குப் பயந்து அதைத் திண்ணையிலோ உள்ளறையிலோ வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். அடைத்த அறையில் கரியடுப்பை வைத்துக் குளிர்காய்வதும் அதே ஆபத்துதான். எங்கள் பக்கம் கருவேலங்கரி சல்லிசாகக் கிடைப்பதால் இதைச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் மெயின் சுவிட்ச் காய்ந்த இடத்தில் இருந்து, கையும் காலும் காய்ந்திருந்தால் மட்டும் அணைக்கலாம். தண்ணீரில் நின்றுதான் தொட வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள், வயர்மேன் வரட்டும். இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீட்டில் இபி கரண்டு இல்லாவிட்டாலும் சுவரில் கரண்டு ஓடும். அதைத் தனியாக அணைக்க வேண்டும். இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்ததாக, துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, போன் எடுத்து ஒவ்வோர் அறையையும் படம் பிடித்துவிடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய, கதவோ கட்டிலோ கூடவே தெரிய எடுக்க வேண்டும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். வீட்டுக்குள் வந்தது மழைத் தண்ணீரா, கடல் தண்ணீரா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தொடங்குவதால்தான் பாதி வேலை வீணாகிறது. எங்கள் தீவில் ஒரே தெருவில் கிழக்கு வீட்டில் மழைத் தண்ணீரும் மேற்கு வீட்டில் ஓடை வழியாக ஏறிய கடல் தண்ணீரும் நிற்கும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கம் வாடை ஓங்கினால் கடல் உப்பங்கழி வழியாக உள்ளே வரும். வெள்ளத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் கக்கூஸ் தண்ணீரும் கலந்திருக்கும். வெளியே கிடக்கும் இரும்புச் சாமானைப் பாருங்கள். கடல் தண்ணீர் பட்டிருந்தால் மண்வெட்டி, கதவுக் கீல், சைக்கிள் செயின் எல்லாம் அடுத்த நாளே செம்மஞ்சளாகத் துருவேறிவிடும். சிமெண்ட் தரை காயும்போது ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். வாசல் செடிகளின் இலை நுனி கருகும்.

மழைத் தண்ணீர் வந்த வீடு காய்ந்தால் காய்ந்துவிடும். கடல் தண்ணீர் வந்த வீடு காயாது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே கறியுப்பு தானாகக் கசியத் தொடங்கும், ஜாடியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் எங்கள் கரையில் ராத்திரி முழுக்க ஈரம் அதற்கு மேலேதான். அதனால் பகலில் காய்ந்த சுவர் ராத்திரி மறுபடி நனைகிறது. எத்தனை மின்விசிறி போட்டாலும் பயன் இல்லை. உப்பைக் கழுவி வெளியே தள்ளினால்தான் வழி பிறக்கும்.

கழுவ நல்ல தண்ணீர் எங்கே போவது? குழாயில் காவிரித் தண்ணீர் வராது, மோட்டார் ஓடாது, ஊரணி கலங்கியிருக்கும். அதற்கு ஒரே வழி, அடுத்து பெய்யும் மழையைப் பிடிப்பதுதான். புயலுக்குப் பிறகு அநேகமாக இன்னும் ஒரு நாளாவது மழை இருக்கும். ஓட்டிலிருந்து, மாடியிலிருந்து விழும் தண்ணீரை மீன் ஐஸ் பெட்டி, டிரம், குடம், குழந்தை குளிக்கும் டப்பா என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் முதலில் விழும் தண்ணீரில் கடல் தெளித்த உப்பு இருக்கும், அதைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சுவர்களைக் கீழிருந்து இடுப்பு உயரம் வரை அந்தத் தண்ணீரால்தான் கழுவினோம், ஒரு தடவை இல்லை, மழை வந்தபோதெல்லாம். வேலையைத் தொடங்கி வைத்தது என் மாமியார்தான். "மேல இருந்து ஊத்து, கீழ ஓடட்டும், ஒத்தித் துடைக்காத" என்பார். அது சரிதான். துணியால் தேய்த்தால் உப்பு சுவருக்குள்ளேயே திரும்பிப் போகும். ஓட விட்டால் வெளியேறும்.

சேறு அள்ளுவதில் ஒரே விதி, ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். ஒரு வெயில் பட்டுவிட்டால் எங்கள் பக்கத்துக் களி பாறையாக இறுகிவிடும். அப்புறம் கடப்பாறைதான். நின்ற தண்ணீர் முழுக்க வடியட்டும் என்று காத்திருக்காமல், கடைசி நாலு விரல் தண்ணீரை வைத்தே சேற்றைக் கலக்கி, கடைசி அறையிலிருந்து வாசலை நோக்கித் தள்ளிவிட வேண்டும். தீவின் மணல் தரையில் தண்ணீர் சீக்கிரம் உள்ளே இழுக்கும், அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. தேவிபட்டினம் பக்கம் உள்ள என் அக்கா வீட்டில் களிமண் பூமி, அங்கே நாலு ஆள் நின்று சிமெண்ட் அள்ளும் சட்டியில் கைமாற்றித்தான் கொட்டினார்கள்.

வெறும் காலோடு இறங்க வேண்டாம். ஆணி, கண்ணாடி, சிப்பி, திருக்கை முள் எல்லாம் சேற்றுக்குள் இருக்கும். கால் கிழிந்தால் அன்றைக்கே டிடி என்கிற டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வலைக் குவியல், பாய், சாக்கு, ஓலை எதையும் கையால் தூக்காமல் கம்பால் புரட்டுங்கள். தண்ணீர் ஏறினால் பாம்பும் நம்மைப் போலக் காய்ந்த இடம் தேடித்தான் வருகிறது. சுருட்டை விரியன் சின்னதாகத்தான் இருக்கும், காய்ந்த ஓலை நிறத்திலேயே கிடக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறி உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், பாம்பைப் பிடித்து எடுத்துப் போகத் தேவையில்லை.

சேறு போன பிறகு சோப்புத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் பிளீச்சிங். அழுக்கு இருக்கும் தரையில் பவுடரைத் தூவினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். பல வீட்டில் கோலம் போடுவது போல வெள்ளையாகத் தூவி வைத்திருப்பார்கள், அதனால் பெரிய பலன் கிடையாது. பத்து லிட்டர் வாளிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி கரைத்து, தெளிந்த தண்ணீரைத் தரையில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற விட்டுக் கழுவினால் போதும். பிளீச்சிங்கோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். சன்னல் மூடிய குளியலறையில் அது மூச்சையே நிறுத்திவிடும்.

குடிதண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தீவின் உயிரே அதில்தான் இருக்கிறது. சுற்றிலும் கடல் இருந்தும் இங்கே நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. எங்கள் ஊரில் வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே நன்னீர்க் கிணறாக இருக்கிறது. மணலில் இறங்கும் மழைத் தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரைவிடக் கனம் குறைவு என்பதால், குழம்பின் மேல் எண்ணெய் நிற்பது போல அதன் மேல் மிதந்து நிற்கிறது. இந்த மெல்லிய படலம்தான் எங்கள் கிணறு.

கடல் தண்ணீர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டால், உடனே பெரிய மோட்டார் வைத்து அடி தெரிய இறைத்துவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அப்படி இறைத்தால் மேலே இருக்கும் நல்ல தண்ணீர் போய், அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிக்கொள்ளும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகளை இப்படி மறுபடி மறுபடி இறைத்தார்கள். உப்பு குறையவில்லை, பல இடத்தில் கூடியது, கிணற்றுச் சுவர்களும் சரிந்தன. அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்று நிபுணர்கள் அப்போது சொன்னார்கள். மிதக்கும் குப்பையையும் சேற்றையும் எடுத்துவிட்டு, மெதுவாக, கொஞ்சமாக இறைத்துவிட்டு, அடுத்தடுத்த மழை உள்ளே இறங்க விட்டுவிடுவதுதான் நல்லது. கிணற்றடியில் பாத்தி கட்டி மாடித் தண்ணீரை அங்கே திருப்பி விடலாம். இதற்குப் பொறுமை வேண்டும், ஒரு பருவம்கூட ஆகலாம். அதுவரை அந்தத் தண்ணீர் துணி துவைக்க, பாத்திரம் அலசத்தான்.

வீட்டுத் தொட்டியில் இருப்பது உப்பில்லாத தண்ணீர், ஆனால் வெள்ளம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் என்றால், கழுவி நிரப்பி 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். ஒரு டீஸ்பூன் தலைதட்டினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். சின்னக் கிண்ணத்தில் குழைத்து, தெளிய விட்டு, மேலே இருக்கும் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி ஒரு மணி நேரம் விட வேண்டும். பிரித்துப் போட்டு நாளான பவுடருக்கு மணமே இருக்காது, அது வேலை செய்யாது. குடிப்பதற்குக் காய்ச்சியது மட்டும்தான், நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். ஆனால் உப்பும் டீசலும் கொதித்துப் போகாது, அந்தத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்கக் கூடாது.

செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது என்று லாரி பிடித்து உடனே காலி செய்கிறார்கள். சுற்றி மண் முழுக்கத் தண்ணீராக இருக்கும்போது காலித் தொட்டி படகு மாதிரி மிதந்து எழும்பும், இல்லையென்றால் சுவர் வெடிக்கும். தரைத்தொட்டிக்கும் இதே கதிதான். ஊற்று இறங்கும்வரை காத்திருங்கள், அதுவரை கழிப்பறைத் தண்ணீரைக் குறைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். பெண்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் மேட்டு வீடு ஒன்றின் கழிப்பறையை எல்லாப் பெண்களும் பயன்படுத்திக்கொண்டோம், அந்த வீட்டு மதினி முகம் கோணாமல் கொடுத்தார். தண்ணீர் மட்டும் அவரவர் குடத்தில் கொண்டுபோனோம். மாதவிடாய்த் துணி, நாப்கின் எல்லாம் முகாமில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், கேட்டால்தான் அடுத்த தடவை அவர்களே கொண்டுவருவார்கள்.

சாமான்களில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போட வேண்டியவை உண்டு. பஞ்சு மெத்தை, தலையணை, வெள்ளம் பட்ட அரிசி, மாவு, திறந்த மசாலா, மருந்து மாத்திரை. ஒரு மூட்டை முண்டு மிளகாயை விற்பனைக்கு வைத்திருந்தவர் அதைக் காயவைத்து எடுத்துவிடலாம் என்று பார்த்தார். பூசணம் பிடித்த மிளகாயைச் சாப்பிட்டால் ஈரல் கெடும், வெயிலில் காய்ந்தாலும் அந்த நஞ்சு போகாது. வயிற்றெரிச்சல்தான், ஆனால் போட வேண்டியதுதான். மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவுக்குள் காய்ந்திருக்கும் பருப்பு பரவாயில்லை, டப்பாவை வெளியே கழுவிவிட்டுத் திறக்க வேண்டும். கரண்டு போன பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் மீனோ பாலோ நம்ப வேண்டாம்.

மிக்சி, மோட்டார், மின்விசிறி நனைந்தால் காயவைத்துப் போட்டுப் பார்ப்போம் என்று தொடங்காதீர்கள். கடல் தண்ணீர் பட்டதென்றால் நல்ல தண்ணீரில் அலசி, வைண்டிங் கடைக்கு எடுத்துப் போவதுதான் பிழைக்கும் வழி. வீட்டு வயரிங்கும் அப்படித்தான். வயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரை வைத்து வயர்மேன் பார்த்துச் சொன்ன பிறகு மெயினைப் போடலாம். தண்ணீர் ஏறிய சுவிட்சுப் பெட்டிகளை மாற்றிவிடுவது நல்லது, உள்ளே இருக்கும் உப்பு பல மாதம் கழித்து ஒரு மழைநாளில் வேலையைக் காட்டும். கரண்டு கசிந்தால் தானாக அணைக்கும் டிரிப்பர் அடிக்கடி விழுகிறது என்று எரிச்சல்பட்டு அதைக் கழற்றி நேராக இணைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். டிரிப்பர் விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கேஸ் சிலிண்டர் மிதந்திருந்தால் ரெகுலேட்டரையும் டியூபையும் மாற்றிவிட்டு, வாசனை வருகிறதா என்று பார்த்த பிறகு அடுப்பு. கசிவு என்றால் 1906.

கொழுந்தனாரின் படகு என்ஜின் வீட்டு வாசலில்தான் கிடந்தது, தண்ணீரில் மூழ்கிவிட்டது. கடலோரத்தில் நிறைய வீடுகளில் அதுதான் வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள். உப்புத் தண்ணீரில் மூழ்கிய என்ஜினைத் தூக்கிக் காற்றில் வைத்துவிட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்றால் அந்த நிமிடத்திலிருந்து துரு உள்ளே தின்னத் தொடங்குகிறது. அவர் செய்தது சரியான காரியம். பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே இருந்த தண்ணீரைக் கக்க வைத்தார், நல்ல தண்ணீர் விட்டு அலசினார், மறுபடி கக்க வைத்து எண்ணெய் விட்டுச் சுற்றினார். அன்றைக்கு மெக்கானிக் கிடைக்கவில்லை. அதனால் ஒரு டிரம்மில் மழைத் தண்ணீர் பிடித்து என்ஜினை அதிலேயே முக்கி வைத்துவிட்டார். பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஆனால் நல்ல தண்ணீருக்குள் இருக்கும்வரை நேரடியாகக் காற்று படாது, துரு அவ்வளவு வேகமாக ஏறாது. அடுத்த நாள் மெக்கானிக் வந்து பிரித்தபோது உள்ளே பளபளவென்று இருந்தது.

காகிதங்களுக்கு வெயில் ஆகாது. பத்திரம், பள்ளிச் சான்றிதழ், மீனவர் அடையாள அட்டை எல்லாவற்றையும் நிழலில், காற்றோட்டத்தில், பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் வைத்து, அந்தத் தாளை மாற்றி மாற்றிக் காயவைக்க வேண்டும். சேறு பட்டிருந்தால் தட்டில் நல்ல தண்ணீர் வைத்து அதில் மெல்ல அலசலாம், தேய்க்கக் கூடாது. கல்யாண போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிரியவே பிரியாது, ஈரமாக இருக்கும்போதே பிரித்துப் படம் மேலே இருக்கும்படி பரப்புங்கள். பட்டா நகல், ஆதார், ரேஷன் அட்டை போனால் கலங்க வேண்டாம், இ-சேவை மையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். போட்டோவுக்கு அப்படி ஒரு மையம் கிடையாது, அதனால் என்னைக் கேட்டால் முதலில் போட்டோவைத்தான் காப்பாற்றுவேன்.

சுவர் காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு முழ அகலத்துக்கு பாலித்தீன் காகிதத்தைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. பொங்கல் வருகிறது, வெள்ளையடித்துவிடுவோம் என்று பெயிண்ட் அடித்தால் மாசிக்குள் அப்பளமாக உரிந்து கையில் வரும். வெள்ளத்துக்கு அடுத்து வந்த பொங்கலுக்கு எங்கள் வீடு கறைக் கோட்டோடுதான் நின்றது. சித்திரை வெயில் பட்ட பிறகுதான் அடித்தோம், இன்றுவரை உரியவில்லை. அலமாரி, பீரோ எல்லாவற்றையும் சுவரை விட்டு ஒரு கை தள்ளிப் போடுங்கள். நடுப்பகலில் சன்னலைத் திறந்து, பொழுது சாய்ந்ததும் மூடிவிடுங்கள்.

காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும். அதனால் அதை வெள்ளத்தோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேற்றில் நின்று வேலை பார்த்தவருக்குக் கடுமையான காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், "வெள்ளத்தில் நின்றேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு பத்து நாள் போதும். தேங்காய்த் தொட்டி, டயர், வத்தைக்குள் தேங்கிய தண்ணீர், மூடாத ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை கவிழ்க்க வேண்டும். அதன் முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவுவதற்கென்று நாம் பிடித்து வைத்த மழைத் தண்ணீருக்கும் மேலே துணி கட்டியே ஆக வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. எதிர்வீட்டுச் சின்னவன் புயலுக்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே கட்டிலில் ஏறி நின்றுகொள்வான். அவனை யாரும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. அவன் அம்மா வாசல் படியில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்து, தண்ணீர் எந்தப் படிக்கு வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவனிடமே ஒப்படைத்தார். கொஞ்ச நாளில் பயம் தெளிந்துவிட்டது. வயசானவர்களுக்கும் கையில் ஏதாவது வேலை வேண்டும். அப்பத்தாவிடம் புளியைப் பிரிக்கிற வேலையையோ, காகிதம் மாற்றுகிற வேலையையோ கொடுத்தால் முகமே மாறிவிடும். சமையலை முதல் சில நாள் தெருவுக்கு ஒரே அடுப்பாக வைத்துக்கொண்டது எங்களுக்குப் பெரிய உதவி. விறகும் நல்ல தண்ணீரும் மிச்சம், அதோடு யார் வீட்டில் யார் சாப்பிடவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக நிவாரணம். முதலில் எடுத்த படங்கள் இதற்குத்தான். கணக்கெடுக்க வரும்போது வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தால், சேதமே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். அதற்காகச் சேற்றோடு உட்கார்ந்திருக்கவும் முடியாது. படம் இருந்தால் பேசலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அவசரம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு உயர்த்திய கணக்குப்படி சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய், ஆட்டுக்கு 4,000, மாட்டுக்கு 37,500. பயிர் என்றால் 33 சதவீதமாவது பாதித்திருக்க வேண்டும். ஆடோ மாடோ செத்திருந்தால் நாற்றம் தாங்காமல் உடனே புதைத்துவிடுகிறார்கள். அதற்கு முன் படம் எடுத்து, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, அவர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு புதையுங்கள். கிணற்றுக்கும் ஊரணிக்கும் தள்ளி, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.